உயிர் கொடுக்கும் கட்டிலில் நோய் கொடுக்கலாமா?

வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள், பொழுது புலருமுன் எழுந்து முதல் பேருந்தைப் பிடித்து மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களை நம் தோழர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு கையில் மட்டும் நரம்பு கயிறுபோல் புடைத்து நிற்கும். அதன்மேல் விரலை வைத்தால் 'விர்' என்று அதிரும். அவர்கள் இரண்டு சிறுநீரகமும் பழுதுபட்டவர்கள். நேற்றுவரை தறி ஓட்டியவர், மூட்டை தூக்கியவர், லாரி ஓட்டியவர், வயலில் நின்றவர். இன்று டயாலிசிஸ் இயந்திரத்தின் துணையால் உயிரோடு இருப்பவர்.

அப்படிப்பட்ட ஒரு விசைத்தறித் தொழிலாளி, ஒருநாள் கையில் ஒரு காகிதத்தோடு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ஹெபடைடிஸ் சி: பாசிடிவ்' என்று அதிலே எழுதியிருக்கிறது. இயந்திரத்தில் முதன்முதல் படுத்த நாளில் எடுத்த சோதனையில் அந்தக் கிருமி இல்லை. ஓராண்டு கழித்து இருக்கிறது. இடையில் அவர் வேறெங்கும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை, இரத்தம் ஏற்றிக்கொள்ளவில்லை. வீடு, பேருந்து, ஆஸ்பத்திரிக் கட்டில், மறுபடி வீடு. இதுதான் அவர் உலகம். கிருமி எங்கிருந்து வந்தது?

'விதி' என்கிறார் வீட்டுக்காரம்மா. 'முன்பே இருந்திருக்கும்' என்கிறார் மையத்தின் மேலாளர். 'டயாலிசிஸ் என்றால் இதெல்லாம் சகஜமப்பா' என்கிறார் அடுத்த கட்டில்காரர்.

மூவர் சொல்வதையும் நாம் ஏற்கவில்லை. உயிர் பிழைக்கப் போன இடத்தில் ஒருவனுக்கு உயிர் குடிக்கும் கிருமி ஒட்டிக்கொண்டால், அதற்குக் காரணம் உண்டு. காரணம் உள்ள எதற்கும் பரிகாரம் உண்டு. இந்தப் பரிகாரம் உலகுக்குத் தெரிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது என்பதைத்தான் இன்று நம் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

இயந்திரம் செய்கிற வேலை

முதலில், அந்தக் கட்டிலில் நடப்பது என்ன என்று பார்ப்போம்.

நல்ல உடம்பில் சிறுநீரகம் இரவு பகல் ஓயாமல் இரத்தத்தைச் சலித்துக் கழிவை நீக்குகிறது. அது நின்றுவிட்டால் அந்த வேலையை வெளியே செய்ய வேண்டும். கையிலே இரண்டு ஊசி குத்துகிறார்கள். ஒன்றின் வழியே இரத்தம் வெளியே வருகிறது. குழாய் வழியே ஓடி, டயாலைசர் என்னும் வடிகட்டிக்குள் புகுந்து, கழிவை அங்கே விட்டுவிட்டு, மற்றோர் ஊசி வழியே உடலுக்குத் திரும்புகிறது. நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் என்று வைத்தால், நான்கு மணி நேரத்தில் 60 லிட்டர். ஒரு மனிதனின் உடலில் உள்ள இரத்தமோ ஏறத்தாழ 5 லிட்டர்தான். ஆக, ஒரே அமர்வில் அவன் இரத்தம் முழுவதும் பன்னிரண்டு முறை உடலைவிட்டு வெளியே வந்து போகிறது!

வாரத்துக்கு இரண்டு முறை என்றாலும் ஆண்டுக்கு 104 அமர்வு, 208 ஊசிக் குத்து. மூன்று முறை என்றால் 156 அமர்வு, 312 குத்து. ஐந்தாண்டு, பத்தாண்டு என்று இது நீளுகிறது. அதுவும் தனியறையிலா? இல்லை. ஒரே கூடத்தில், பத்துப் பதினைந்து பேர் வரிசையாகப் படுத்திருக்க, ஒரே செவிலியர் இங்கும் அங்கும் ஓட, காலையில் ஒரு கூட்டம், நண்பகலில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் என்று அதே கட்டிலில் ஆள் மாறி ஆள் படுக்க, இவ்வளவும் நடக்கிறது.

ஒரு துளி இரத்தம் எங்கே சிந்துகிறது, அது எங்கே ஒட்டுகிறது, யார் விரல் அதைத் தொடுகிறது, அந்த விரல் அடுத்து யாரைத் தொடுகிறது? கேள்வி முழுவதும் இதுதான்.

எடின்பரோவில் நடந்தது

இயந்திரச் சிறுநீரகத்தை முதலில் செய்தவர் நெதர்லாந்து நாட்டு மருத்துவர் வில்லம் கோல்ஃப். ஆண்டு 1943. இரண்டாம் உலகப் போர். நாடு எதிரியின் பிடியில். அந்த நெருக்கடியிலும் மனித உயிரை மீட்கும் கருவி ஒன்றை அவர் செய்தார். ஆனால் அது சில நாள் துணைதான். ஒருவரை ஆண்டுக்கணக்கில் இயந்திரத்தின் துணையால் வாழவைக்கும் வழியை, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் 1960-இல் கண்டார். அதன்பிறகே 'நீண்ட நாள் டயாலிசிஸ்' என்ற சொல் பிறந்தது. வீடு திரும்பி, வேலைக்குப் போய், மீண்டும் வந்து படுக்கும் நோயாளிகள் தோன்றினார்கள்.

நோயாளிகள் ஒரு கூடத்தில் கூடினார்கள். கூடவே கிருமியும் வந்தது. பல நாடுகளில் டயாலிசிஸ் கூடங்களில் மஞ்சள் காமாலை பரவியது. எல்லாவற்றிலும் உலகை உலுக்கியது ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1969-இலும் 1970-இலும் நடந்த கொடுமை. டயாலிசிஸ் நோயாளிகள் காமாலை கண்டு மாண்டார்கள். அதோடு நின்றதா? அவர்களுக்குப் பணி செய்த மருத்துவமனை ஊழியர்களும் மாண்டார்கள்! நோய் தீர்க்க வந்தவர்களையே நோய் கொண்டுபோயிற்று.

அந்தக் கிருமியின் அடையாளத்தை அறிவியல் அப்போதுதான் கண்டுகொண்டிருந்தது. அமெரிக்காவின் பாருக் பிளம்பர்க் என்ற அறிஞர், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் கண்ட விந்தையான ஒரு பொருளைப் பற்றி 1965-இல் எழுதினார். பின்னால் அதுவே ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்று தெளிவாயிற்று. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எடின்பரோவுக்குப் பிறகு பிரிட்டன் கைகட்டி நிற்கவில்லை. ரோசன்ஹைம் பிரபு தலைமையில் குழு அமைத்தார்கள். 1972-இல் அறிக்கை வந்தது. புதிதாக வரும் ஒவ்வொருவரையும் சோதியுங்கள். சோதனையைத் தொடர்ந்து செய்யுங்கள். பி கிருமி உள்ளவருக்குத் தனியிடம் கொடுங்கள். இரத்தம் ஏற்றுவதைக் குறையுங்கள். இவ்வளவுதான் அதன் சாரம்.

அமெரிக்கக் கணக்கையும் பாருங்கள். 1974-இல் அங்கே டயாலிசிஸ் நோயாளிகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு 6.2 பேருக்குப் புதிதாக ஹெபடைடிஸ் பி தொற்றியது. சில மையங்களில் நூற்றுக்கு 30 பேர் வரை! 1977-இல் அரசு நோய்த்தடுப்பு மையம் விதிகளை வகுத்தது. 1980-இல் அந்த 6.2 என்பது 1 ஆயிற்று.

தோழர்கள் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1981-இல்தான். அதாவது, ஊசி வருவதற்கு முன்பே நோய் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! எதனால்? சோதனை, தனியிடம், தனி இயந்திரம், தனி ஊழியர், கழுவிய கை. வேறு மந்திரம் ஏதுமில்லை. ஒழுங்குமுறை மட்டுமே இவ்வளவு சாதித்தது என்றால், 'இதெல்லாம் சகஜம்' என்று சொல்கிற வாய்க்கு என்ன மறுமொழி வேண்டும்?

கிருமி நடந்து வருவதில்லை

டயாலிசிஸ் கூடத்தில் நாம் அஞ்ச வேண்டிய வைரஸ்கள் முக்கியமாக மூன்று. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றும் இரத்தத்தின் வழியே பரவுபவை. மூன்றின் வலிமையும் ஒன்றல்ல. தடுப்பூசி போடாத ஓர் ஊழியருக்கு, கிருமியுள்ள நோயாளிக்குக் குத்திய ஊசி தவறிக் குத்திவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பி கிருமி என்றால் நூற்றுக்கு 30 பேர் வரை தொற்றலாம். சி என்றால் நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு. எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 3 பேர். மக்கள் பெயரைக் கேட்டே நடுங்குவது மூன்றாவதைப் பார்த்து. கூடத்தில் மிகச் சுலபமாகத் தாவுவதோ முதலாவது!

ஹெபடைடிஸ் பி கிருமி, உலர்ந்துபோன இரத்தக் கறையில்கூட ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கும். கறை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. இயந்திரத்தின் பொத்தான், கட்டிலின் கைப்பிடி, கத்தரிக்கோல், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை, மருந்து வைத்த தள்ளுவண்டி ஆகிய இவைதான் அதன் பாதை. ஒரு நோயாளியின் ஊசியை எடுத்த கையுறையோடு அடுத்தவரின் இயந்திரத்தில் அலறும் மணியை நிறுத்தப் போகிறார் ஊழியர். முடிந்தது கதை.

ஹெபரின் என்ற மருந்து உண்டு. குழாயில் இரத்தம் உறையாமல் இருக்கச் செலுத்துவார்கள். ஒரே குப்பியிலிருந்து பல பேருக்கு எடுத்தால், ஒருமுறை தவறான ஊசி நுழைந்தாலும் குப்பி முழுவதும் கிருமி. இயந்திரத்தின் அழுத்தமானிக்கும் இரத்தக் குழாய்க்கும் நடுவே சிறு வடிகட்டி ஒன்று இருக்கும். அது நனைந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும்; இயந்திரத்தின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். சில ரூபாய்ச் சாமான் என்று மாற்றாமல் விட்டால், அடுத்து படுப்பவரின் தலையில் அது விடியும். டயாலைசரைக் கழுவி அதே நோயாளிக்குத் திரும்பப் பயன்படுத்துவது நம் நாட்டில் வழக்கம். கழுவும் இடத்தில் பெயர் மாறினால்? கலந்துவிட்டால்? பி கிருமி உள்ளவரின் டயாலைசரைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தவே கூடாது என்பது விதி.

விதி மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு எச்.ஐ.வி.யே சாட்சி. அது எளிதில் பரவாத கிருமி என்றோம். ஆனாலும் 1990களின் தொடக்கத்தில் கொலம்பியா நாட்டு டயாலிசிஸ் மையம் ஒன்றில் அது பரவிற்று. குத்திய ஊசிகளை ஒரே தொட்டியில் ஊறவைத்துத் திரும்பத் திரும்பக் குத்தினார்கள்! 2024-இன் கடைசியில் பாகிஸ்தானின் முல்தான் நகரிலும் டயாலிசிஸ் நோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. கண்டது, அந்நாடே அதிர்ந்தது.

ஆக, கிருமிக்குக் கால் இல்லை. அதை ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குத் தூக்கிச் செல்வது அவசரம். அந்த அவசரத்தை உண்டாக்குவது யார்?

குற்றம் யார் மேல்?

'கையுறை மாற்றாத ஊழியர்தான் குற்றவாளி' என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். சொல்லவும் கூடாது.

அந்த ஊழியரின் நாளை எண்ணிப் பாருங்கள். ஒருவரை இயந்திரத்திலிருந்து கழற்ற வேண்டும். ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் எழுந்து போனபின், காலியான கட்டிலையும் இயந்திரத்தின் வெளிப்புறத்தையும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். அது உலர வேண்டும். இயந்திரத்தின் உள்ளே கிருமிநீக்கம் ஓட வேண்டும். புதுக் குழாய் மாட்ட வேண்டும். அப்புறம்தான் அடுத்தவரை அழைக்க வேண்டும். இது சாத்திரம். நடப்பது என்ன? வெளியே அடுத்த கூட்டம் காத்து நிற்கிறது. ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்து புறப்பட்டுவிடும் என்று நோயாளி தவிக்கிறார். ஒரு நாளில் எத்தனை அமர்வு முடிந்தது என்று கணக்குக் கேட்கிறது நிர்வாகம். ஒவ்வொரு அமர்வுக்கும் இவ்வளவு என்று பணம் பெறும் தனியார் மையமாக இருந்தால், ஆள் குறைந்தால் லாபம், நேரம் குறைந்தால் லாபம், கையுறை குறைந்தாலும் லாபம்!

ஒப்பந்தக் கூலியில், நாளை வேலை இருக்குமோ இராதோ என்ற அச்சத்தில் நிற்கும் டெக்னீசியன், 'இந்த இயந்திரம் இன்னும் தயாராகவில்லை. பத்து நிமிடம் பொறுங்கள்' என்று மேலாளரிடம் சொல்லும் துணிவு பெறுவாரா? ஆலையில் வேலை செய்த தோழர்களுக்கு இது புதிதல்ல. ஓடுகிற எந்திரத்தை நிறுத்தாமல் துடைக்கச் சொல்வார்கள், விரல் போகும், 'கவனக்குறைவு' என்று எழுதுவார்கள். அதே கதைதான் இங்கும். அங்கே போனது தொழிலாளியின் விரல்; இங்கே போவது நோயாளியின் ஈரல். எடின்பரோவை மறக்க வேண்டாம். ஊழியரின் உயிரும் இதே தராசில்தான் இருக்கிறது. நோயாளியின் நலனும் ஊழியரின் நலனும் இங்கே ஒன்று.

சத்தமில்லாத நோய்

இன்னொரு சங்கடம் உண்டு. காமாலை என்றால் கண் மஞ்சளாகும், சிறுநீர் மஞ்சளாகும் என்று நாம் அறிவோம். டயாலிசிஸ் நோயாளிக்கு அப்படி வெளியே காட்டாது. அவர் உடலின் எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே தளர்ந்து போயிருக்கிறது. கிருமியோடு போராடினால்தானே காய்ச்சலும் காமாலையும் வரும்? போராடாமலே இடம் கொடுத்துவிடுகிறது உடம்பு. நல்ல உடம்புள்ள வளர்ந்த மனிதனுக்கு ஹெபடைடிஸ் பி தொற்றினால் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோர் அதை விரட்டிவிடுவார்கள். டயாலிசிஸ் நோயாளிகளிலோ அது நிரந்தரமாகத் தங்கிவிடுவதே அதிகம். ஈரலை அரித்துச் சுருக்கும். சிலருக்குப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும். சி கிருமியும் அப்படியே.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதது என்பதால்தான் சோதனை வேண்டும் என்கிறோம். சேரும்போது ஒருமுறை எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டால் போதாது. சி கிருமிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பி கிருமிக்கு எதிர்ப்பு இல்லாதவருக்கு அதைவிட அடிக்கடி. சாதாரணச் சி சோதனை, கிருமி புகுந்து இரண்டு மாதம் வரையில்கூட 'இல்லை' என்றே காட்டக்கூடும். கிருமியின் மரபுப் பொருளையே தேடும் சோதனை, ஓரிரு வாரத்தில் காட்டிவிடும். சந்தேகம் வந்தால் இரண்டாவதைச் செய்ய வேண்டும்.

ஒதுக்குவதா, காப்பதா?

'பாசிடிவ்' என்று வந்தபின் என்ன நடக்கிறது? 'எங்களிடம் தனி இயந்திரம் இல்லை. வேறிடம் பாருங்கள்' என்று அனுப்பிவிடுகிற மையங்கள் உண்டு. வேறிடம் எங்கே? நூறு கிலோமீட்டருக்கு அப்பால். இரண்டு அமர்வு தவறினால் மூச்சு முட்டும், நெஞ்சு நிற்கும். கிருமி கொல்ல ஆண்டுகள் ஆகும். கதவடைப்பு வாரத்திலேயே கொன்றுவிடும்!

இதிலும் அறிவியல் சொல்வதைத் தோழர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குத் தனி அறை, தனி இயந்திரம், தனி ஊழியர் வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஹெபடைடிஸ் சி-க்கும் எச்.ஐ.வி.க்கும் தனி இயந்திரம் கட்டாயம் இல்லை, கைச்சுத்தமும் முறையான கிருமிநீக்கமும் இருந்தால் போதும் என்று உலக அளவிலான சிறுநீரக வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நம் நாட்டில் பல மையங்களில் சி-க்கும் தனி இயந்திரம் ஒதுக்குகிறார்கள். வசதி இருந்தால் ஒதுக்கட்டும். தவறென்று சொல்ல மாட்டோம். ஆனால் இயந்திரத்தைப் பிரித்துவிட்டு, கையைக் கழுவாமல் இரண்டு பக்கமும் ஓடினால் என்ன பயன்? தனி இயந்திரம் இல்லை என்பதைச் சாக்காக்கி உயிரைத் திருப்பியனுப்ப எவருக்கும் உரிமை இல்லை. எச்.ஐ.வி. உள்ளவருக்குச் சிகிச்சை மறுப்பதை, 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள மத்தியச் சட்டம் தெளிவாகவே தடை செய்கிறது.

வீட்டிலும் ஒதுக்காதீர்கள். ஒரே தட்டில் உண்டால், கைகுலுக்கினால், பக்கத்தில் உட்கார்ந்தால் இந்தக் கிருமிகள் ஒட்டாது. சவரக் கத்தியும் பல் துலக்கியும் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். பி கிருமி உள்ளவரின் மனைவி மக்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

மருந்து இருக்கிறது, கேட்டுப் பெறுங்கள்

பி கிருமிக்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் சிறுநீரகம் பழுதானவரின் உடம்பு தடுப்பூசிக்கும் சோம்பலாகவே பதில் சொல்லும். அதனால் அவருக்கு அளவு இரட்டிப்பு. மற்றவருக்கு 20 மைக்ரோகிராம் என்றால் இவருக்கு 40. மூன்று தவணைக்குப் பதில் பெரும்பாலும் நான்கு. போட்டால் மட்டும் போதாது. எதிர்ப்பு சக்தி பிறந்ததா என்று இரத்தத்தில் அளக்க வேண்டும். எண் 10-க்குக் கீழே இருந்தால் மீண்டும் போட வேண்டும். ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். ஊசி போட்ட சில நாளிலேயே கிருமிச் சோதனை செய்தால், ஊசியில் உள்ள பொருளே 'பாசிடிவ்' என்று காட்டிப் பதறவைக்கும். நான்கு வாரம் பொறுத்துச் செய்யச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. சிறுநீரகம் பாதி கெட்ட நிலையிலேயே, இயந்திரத்தில் படுக்கும் நாள் வருமுன்பே போட்டுவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும். குழந்தைகளுக்கு இந்த ஊசி நாடு முழுவதும் விரிவானது 2011-ஆம் ஆண்டையொட்டி. இன்று உழைத்துக்கொண்டிருக்கும் தலைமுறையில் பெரும்பாலோர் போட்டுக்கொள்ளாதவர்களே என்பதை மறக்க வேண்டாம்.

சி கிருமிக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய நற்செய்தி உண்டு: மாத்திரையாலேயே தீர்த்துவிடலாம்! 1989 வரை பெயர்கூட இல்லாமல் 'ஏயும் அல்ல, பியும் அல்ல' என்று அழைக்கப்பட்ட கிருமி அது. அதைக் கண்டவர்களுக்கு 2020-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இன்று 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால், டயாலிசிஸ் நோயாளிகளிலும் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோர் குணமாகிறார்கள். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த மாத்திரை இலவசம். இது தெரியாமல் 'பாசிடிவ்' காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெட்கப்பட்டுத் திரிகிறவர்கள் எத்தனை பேர்! ஒன்று நினைவிருக்கட்டும்: ஒருமுறை குணமானவருக்கு மறுபடி தொற்றாது என்பதில்லை. கூடம் பழையபடியே இருந்தால், மாத்திரையால் போன கிருமி குழாய் வழியே திரும்பி வரும்.

இரத்தம் ஏற்றுவதும் ஒரு வாசல். சிறுநீரகம் கெட்டால் இரத்தசோகை வரும். அதற்கு எரித்ரோபொய்டின் ஊசி 1989 முதல் இருக்கிறது. இரும்புச்சத்தோடு அதைச் சரியாகக் கொடுத்தால் இரத்தம் ஏற்றும் தேவை வெகுவாகக் குறையும். ஏழைக்கு அந்த ஊசி கிடைக்காவிட்டால், பாட்டில் பாட்டிலாக இரத்தம் ஏற்றுவார்கள். ஒவ்வொரு பாட்டிலும் ஒரு சிறு ஆபத்து. காசுக்கு இரத்தம் விற்பது நம் நாட்டில் 1998 முதல் தடை. இரத்த தானம் செய்யும் நம் இளைஞர்களை வாழ்த்துகிறோம். முகாமில் கேட்கும் கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள் என்றும் வேண்டுகிறோம். அந்தப் பாட்டில் யார் உடலுக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது.

வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும் உண்டு. வயிற்றுக்குள் திரவத்தை விட்டு எடுப்பது அது. ஊசிக் குத்து இல்லை; பலர் படுக்கும் கூடம் இல்லை; ஆகவே இரத்தவழிக் கிருமிக்கு வாய்ப்பு மிகக் குறைவு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எல்லோருக்கும் இம்முறை ஒத்துவராது. ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

நாம் கேட்பவை

அரசு மையமாயினும் தனியார் மையமாயினும், ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: ஒரு செவிலியர் அல்லது டெக்னீசியனுக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்று வரையறுத்து, அந்த எண்ணைக் கூடத்தின் சுவரிலேயே எழுதி வையுங்கள். ஊழியருக்கு நிரந்தர வேலையும் தடுப்பூசியும் கொடுங்கள்.

இரண்டு: இரு அமர்வுகளுக்கு நடுவே கிருமிநீக்கத்துக்கு உரிய நேரத்தைக் கட்டாயமாக்குங்கள். அந்த நேரத்துக்கும் சேர்த்தே கட்டணம் தாருங்கள். அமர்வை மட்டும் எண்ணிப் பணம் கொடுத்தால் அவசரத்துக்குப் பரிசு கொடுப்பதாகும்.

மூன்று: ஒவ்வொரு நோயாளியின் கையிலும் ஓர் அட்டை வேண்டும். என்று சோதித்தது, என்ன முடிவு, எத்தனை ஊசி போட்டது, எதிர்ப்பு எண் என்ன என்பவை தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நான்கு: ஒரு மையத்தில் ஒருவருக்குப் புதிதாகக் கிருமி கண்டாலும் அது விபத்தாகக் கருதப்பட்டு விசாரிக்கப்பட வேண்டும். விசாரணை ஊழியரைத் தண்டிப்பதற்கு அன்று, ஓட்டையை அடைப்பதற்கு. ஒவ்வொரு மையத்திலும் ஆண்டில் எத்தனை பேருக்குப் புதிதாகத் தொற்றியது என்பதை மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

ஐந்து: கிருமி கண்டவர் என்பதற்காக எவரையும் திருப்பியனுப்பக் கூடாது. மாவட்டந்தோறும் அவர்களுக்கு இடம் வேண்டும்.

இவை ஆகாயத்து மதியைக் கேட்கும் கோரிக்கைகளா? சோப்பும் தண்ணீரும் கையுறையும் பத்து நிமிடமும் கூடுதலாக ஓர் ஆளும்தான் கேட்கிறோம்.

தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் கிளையில், உங்கள் தெருவில், உங்கள் ஆலையில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் யார் என்று பாருங்கள். அடுத்த முறை அவரோடு ஒருவர் துணைக்குப் போங்கள். ஊசி எத்தனை தவணை ஆயிற்று, சோதனை கடைசியாக என்று நடந்தது என்று அவருக்காகக் கேளுங்கள். அங்கே பணி செய்யும் சகோதரியிடம் சண்டைக்கு நிற்காதீர்கள். 'கையுறை போதுமான அளவு வருகிறதா அம்மா?' என்று கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால், அந்தக் குறையை மேலே எடுத்துச் செல்வது உங்கள் கடமை.

அந்த விசைத்தறித் தொழிலாளி மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம். ஆனால் அவர் படுத்த கட்டிலில் இன்று நண்பகல் வேறொருவர் படுக்கிறார். அவர் படுக்குமுன் அந்தக் கட்டிலைத் துடைத்தார்களா?

பதில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.